இடது தோளில் அரை இஞ்ச்

அக்கா வெளிநாடு போனதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னாள். மாடி வீட்டு அம்மாவிடம் மகளின் படிப்புக்காக என்றாள். தான் வேலை பார்த்த தையல் கடையில் கட்டிங் மாஸ்டரிடம் நாலு இடம் பார்க்க ஆசை என்றாள். அவர் பல்லில் கடித்திருந்த நூலை எடுக்காமலே, "பக்கத்துத் தெருவுக்குப் போகவே வழி கேக்கிற ஆளு, உலகம் சுத்தப் போறியா?" என்றார். என்னிடம் எந்தக் காரணமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காரணம்தான் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்ததே. அந்தக் காரணத்தை நான் அத்தான் என்று கூப்பிட்டுப் பழகியிருந்தேன்.

மகளிடம் மட்டும் நேராகச் சொன்னாள். எட்டு வயதுப் பெண்ணை இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிறுத்திக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்தபடி, "அம்மா உனக்காகத்தான் போறேன்" என்றாள். அவள் தலையை ஆட்டினாள். எட்டு வயதில் எதற்கும் தலையை ஆட்டிவிடலாம்.

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் பட்டன் என்று பெயர். தவழ்கிற வயதில் அக்காவின் மெஷினுக்கு அடியில் கிடந்த ஒரு பட்டனை விழுங்கிவிட்டாள். இரண்டு நாள் வீடே அல்லோலகல்லோலப்பட்டது. மூன்றாம் நாள் பட்டன் போன வழியே இல்லாவிட்டாலும் வேறு வழியே வந்து சேர்ந்தது. அக்கா அதைக் கழுவி, அது விழுந்த சட்டையிலேயே தைத்துவிட்டாள் என்பது என் வீட்டுக்காரர் கட்டிவிட்ட கதை. அவர் பம்ப் மெக்கானிக். எந்தக் குழாயில் எது அடைத்தாலும் பட்டன் கதையைச் சொல்லாமல் ஸ்பானரை எடுக்க மாட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அக்கா எனக்கு அளவு எடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். பட்டனை நடுக்கூடத்தில் நிற்கவைத்து, இஞ்ச் டேப்பை என் கையில் கொடுத்தாள்.

"இழுத்துப் பிடிக்காத. தொளதொளன்னும் விடாத. டேப்புக்குள்ள உன் ஒரு விரல் போகணும், அவ்வளவுதான். தோளை எலும்புலேருந்து எலும்புக்கு எடு, இறக்கத்தை ரெண்டு பக்கமும் தனித்தனியா எடு. மூச்சைப் பிடிச்சுக்காதடி, சாதாரணமா நில்லு."

"எனக்குச் சொல்றியா, அவளுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். கடையில தொங்குற சட்டைய வாங்கி மாட்டிடாத. அதுல ஒண்ணுலயும் கழுத்து ஒழுங்கா படிஞ்சு நிக்காது."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் போனில் அளவு சொல்ல வேண்டும், அவள் அங்கிருந்து தைத்து அனுப்புவாள் என்பது ஏற்பாடு. இஞ்ச் டேப்பைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். எனக்குப் பிள்ளை இல்லை. கண் மருத்துவமனையில் சீட்டு எழுதுகிற வேலை. காலையில் போனால் மாலையில் வந்துவிடுவேன். பட்டனைப் பார்த்துக்கொள்ள என்னைவிடத் தோதான ஆள் யார்?

அக்கா போய்ச் சேர்ந்த இடம் ஒரு சலவைக்கடையின் கீழ்த்தளம். மேலே துணி வாங்குவார்கள், கொடுப்பார்கள். கீழே ஆல்டரேஷன். சுவரின் உச்சியில் ஒரு நீள ஜன்னல். அதன் வழியாகத் தெரிவது நடைபாதையில் போகிறவர்களின் செருப்பும் பூட்ஸும் மட்டும்தான். "இந்த ஊர்ல எனக்கு முழங்காலுக்குக் கீழதான் ஆளுங்களைத் தெரியும்" என்பாள். கால்சட்டையின் அடிமடிப்பைப் பார்த்தே இது நான் தைத்தது என்று கண்டுபிடித்துவிடுவாளாம். ஒருநாள் அவள் தைத்த மடிப்பு மழையில் ஓடியபோது, எழுந்து நின்று ஜன்னலைத் தட்டியிருக்கிறாள். அந்த மனிதர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த ஊர்ப் பேச்சை அவள் துணியிலிருந்துதான் கற்றாள். மேலேயிருந்து இறங்கி வருகிற ஒவ்வொரு உடையிலும் ஒரு சீட்டு குத்தியிருக்கும்: நீளம் குறை, இடுப்பு தளர்த்து, ஜிப் மாற்று. வணக்கம் சொல்லக் கற்பதற்கு முன்பே, "நேரா நில்லுங்க", "திரும்புங்க", "மூச்சு விடுங்க" எல்லாம் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. முதுகுவலிக்கு டாக்டரிடம் போனபோது வார்த்தை தெரியாமல், இடுப்பைக் காட்டி, "இங்க தையல் விட்டுப் போச்சு" என்றாளாம். டாக்டர் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லி, அதில் கிழிந்த இடத்தைத் தேடினாராம். இதை அவள் போனில் சொன்னபோது நாங்கள் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அறையில் அவளோடு இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி ஓட்டலில் படுக்கை விரிக்கிறவள், ஒருத்தி முதியவர்களைக் குளிப்பாட்டுகிறவள். மூன்று கட்டில், ஒரு அலமாரி, ஆளுக்கு ஒரு தட்டு. மூன்று பேருக்கும் மூன்று பாஷை. மூவருக்கும் பொதுவாகத் தெரிந்தது, "கதவச் சாத்து, குளிருது" என்பது மட்டும்.

அங்கே அவளைத் திணறடித்தது குளிர் இல்லை. முதல் வாரமே ஒரு பெண்மணியின் தோளில் பழக்கதோஷத்தில் டேப்பை வைத்துவிட்டாள். அந்த அம்மாள் சுட்டதுபோல் விலகினாள். மேலேயிருந்து முதலாளியம்மா இறங்கி வந்து, கேட்காமல் யாரையும் தொடக் கூடாது என்றாள். கேட்க வேண்டும், அவர்கள் சரி என்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் கை போக வேண்டும். இருபது வருஷம் ஊரார் இடுப்பைச் சுற்றிக் கை போட்டவளுக்கு இது அதிசயமாக இருந்தது. "ஒவ்வொரு தடவையும் கேக்கணும்டி. அளவு எடுத்துக்கட்டுமா, தொட்டுக்கட்டுமான்னு. பழகிடுச்சு" என்றாள்.

அங்கேயே தங்கலாம் என்கிற காகிதம் கையில் வரும்வரை ஊருக்கு வர முடியாது. வந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். காகிதம் வந்துவிட்டால் மகளையும் அழைத்துக்கொள்ளலாம். மகளுக்குப் பதினெட்டு முடியாமல் இருக்க வேண்டும், அவள் கையெழுத்தும் போட வேண்டும். "ரெண்டு வருஷம், மிஞ்சினா மூணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒன்பது வருஷம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் அளவு சொல்வேன். தோள் பதினொன்று. கை பதினைந்தரை. மறுமுனையில் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்கும். பார்சல் வந்து சேர இரண்டு மாதம் ஆகிவிடும். அதற்குள் பட்டன் ஒரு சுற்று வளர்ந்திருப்பாள். வருகிற கவுன் எல்லாம் போன பருவத்துப் பட்டனுக்குத்தான் பொருந்தும். அக்காவும் விடவில்லை. வளர்த்திக்கு இத்தனை என்று கணக்குப்போட்டுக் கூட்டித் தைப்பாள். அந்த வருஷம் பார்த்து இவள் வளராமல் நிற்பாள். சாக்கு மாதிரி தொங்கும். நான் முதுகுப் பக்கம் துணியை ஒதுக்கி, துணிக்கிளிப்பு நாலைப் போட்டு, முன்பக்கமாக ஒரு போட்டோ எடுத்து அனுப்புவேன்.

"அழகா இருக்கு. கனகச்சிதம்" என்று அக்கா எழுதுவாள்.

பன்னிரண்டு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது முறிந்தது. பட்டன் பெரியவளாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. அக்காவுக்கு நான்தான் போனில் சொல்லியிருந்தேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். அன்றைக்கு போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். குடம் வைக்க வந்த மாடி வீட்டு அம்மாவும் வாசலில் நின்றாள். அக்கா உற்சாகமாக, "இனிமே அளவெல்லாம் மாறும், பழைய மாதிரி தைக்க முடியாது. மேல்சட்டைக்கு மார்பளவு தனியா எடுத்துச் சொல்லு. வெக்கப்படுவா, விடாத" என்று கூடம் முழுக்கக் கேட்கிறமாதிரி பேசினாள்.

என் வீட்டுக்காரர் டீயோடு எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். பட்டன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் நான் டேப்போடு போனபோது சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"இனிமே எடுக்க விட மாட்டேன்."

"அம்மாவுக்கு என்னடி சொல்றது?"

"எதையாவது சொல்லு சித்தி. அவங்களுக்கு நம்பர்தானே வேணும்?"

அம்மாவை அவங்க என்று அவள் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அக்காவிடம் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். நாலைந்து முறை வாயெடுத்தேன். தூரதேசத்தில் தனியாக இருக்கிறவளைக் கலங்கடிக்கக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. பட்டன் என்னிடம் சாய்ந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் என் கையெழுத்துதான். காய்ச்சல் வந்தால் சித்தி என்றுதான் முனகுவாள். அவள் அம்மாவிடமிருந்து ஒரு அடி விலகினால் என்னிடம் ஒரு அடி வருகிறாள் என்று என் மனதின் ஏதோ ஒரு மூலை கணக்குப் போட்டது.

ஆகவே அடுத்த ஞாயிறு கண்ணாடி முன் நின்று என்னையே அளந்தேன். தோளில் இரண்டு இஞ்ச் குறைத்தேன், இடுப்பில் மூன்று குறைத்தேன், போனில் ஒப்பித்தேன். மறுமுனையில் பென்சில் நின்றது.

"தோள் சரியாத்தான் எடுத்தியா?"

"ம். ரெண்டு பக்கமும் தனித்தனியா எடுத்தேன், நீ சொன்ன மாதிரி."

"சரி." பென்சில் மறுபடி ஓடியது.

ஐந்து வருஷம் இப்படியே போனது. குறைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கடைசியில் என் அளவையே அப்படியே ஒப்பித்தேன். வந்த சட்டைகளைப் பட்டன் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டாள், போட்டோவுக்கும் நிற்க மாட்டாள். அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கினேன். வீடியோவில் பேசுகிற காலம் வந்தபோது போனை முகத்துக்கு அருகில் பிடித்துக்கொள்வாள். அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் நெற்றியும் ஒரு புருவமும்தான். "கொஞ்சம் தள்ளிப் பிடியேன், ஆளைப் பாக்கணும்" என்பாள். "நெட் சரியில்ல" என்பாள் இவள்.

பட்டனுக்குப் பதினெட்டு முடிய நாலு மாதம் இருந்தபோது அக்காவுக்குக் காகிதம் வந்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு பத்து நாள் லீவில் வருவதாகச் சொன்னாள். போனில் அவள் குரல் மூச்சிரைத்தது. "பதினெட்டுக்குள்ள வாங்கிட்டேன், பாத்தியா?" என்று மூன்று முறை சொன்னாள்.

வாசலில் வந்து இறங்கியவளை எனக்கே ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. கூன் விழுந்திருந்தது. முடியைக் கத்தரித்திருந்தாள். பட்டன் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவைவிட ஒரு சாண் உயரம். அத்தானின் தோள் அப்படியே, பலகை வைத்ததுபோல அகலம். அக்கா அவளைத் தலையிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்த்தாள். தையல்காரி பார்ப்பதற்கு அவ்வளவு நேரம் போதும். அந்த ஒரு பார்வையில் அவள் அளவெடுத்து முடித்துவிட்டதை நான் கண்டேன்.

பெட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு எட்டு முன்னே வந்தாள். கை உயர்ந்தது, பாதியில் நின்றது.

"தொட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

பழக்கதோஷம். கீழ்த்தளத்தில் தினமும் இருபது பேரிடம் கேட்கிற கேள்வி. பெற்ற மகளிடம் வந்துவிட்டது. பட்டனுக்கு அது எப்படித் தெரியும்? அந்நியரிடம் கேட்பதுபோல் கேட்கிறாள் என்றுதான் அவளுக்குப் பட்டிருக்கும்.

"உக்காருங்க. தண்ணி கொண்டு வரேன்" என்றாள்.

அந்த 'ங்க' கூடத்தில் விழுந்து கிடந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

மறுநாள் காலை அக்கா பெட்டியிலிருந்து ஒரு கோட்டை எடுத்தாள். கருநீலக் கம்பளி, உள்ளே வழுவழுவென்று லைனிங், பட்டன் துளைகள் எல்லாம் கையால் போட்டவை. அங்கே போய் இறங்கியதும் போட்டுக்கொள்வதற்காம். ஏழு மாதமாக மதிய இடைவேளையில் தைத்தாளாம். என் வீட்டுக்காரர் தடவிப் பார்த்து, "இதைப் போட்டுகிட்டா நம்ம ஊர்ல வெந்தே போயிடுவோம்" என்றார். பட்டன் மறுக்கவில்லை, வாங்கிப் போட்டுக்கொண்டாள். கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. முதுகில் துணி இறுகியது. முன்பக்கம் ஒரு பட்டன்கூட எட்டவில்லை. இடது தோள் மட்டும் கொஞ்சம் சரிந்து, மடிந்து நின்றது.

"இது யாருக்குத் தச்சது?" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"உள்ள மூணு விரல் துணி விட்டிருக்கேன். பிரிச்சு விட்டுடலாம். ஒரு தடவை அளவு மட்டும் எடுத்துக்கட்டுமா?"

"வேண்டாம்" என்று பட்டன் கோட்டைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டுக் கல்லூரி விண்ணப்பம் வாங்கப் போனாள்.

சமையலறையில் அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவளே ஆரம்பித்தாள்.

"அது உன் தோளுடி."

நான் குழம்புச் சட்டியின் மூடியை எடுத்து மறுபடி மூடினேன்.

"ஒன்பது வயசுலேருந்து உனக்குத் தச்சவ நான். உன் இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். நீ தனித்தனியா அளந்து சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா அஞ்சு வருஷம் தச்சே?"

"நீ சோம்பேறி. அவளைக் கூப்பிட்டு நிறுத்த அலுத்துகிட்டு உன்னை அளந்து சொல்றேன்னு நெனச்சேன். சரி, எப்படியும் வளர்றவதானே, உள்ள துணி விட்டுத் தைப்போம், அங்க பிரிச்சுப்பாங்கன்னு விட்டுட்டேன்." தண்ணீரைச் சாய்த்தாள். அரிசியும் கொஞ்சம் போனது. "அவ நிக்க மாட்டேன்னு சொன்னாளா?"

"பன்னெண்டு வயசுல."

"பன்னெண்டு வயசுல." கையை உதறிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். "அத ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? காகிதமாவது மண்ணாவதுன்னு அப்பவே ஓடி வந்திருப்பேனே. அப்ப அவ என் தோள் உயரம்தானே இருந்திருப்பா? கட்டிப் பிடிச்சுகிட்டு அழுதிருக்கலாமே."

"நீ கலங்குவேன்னுதான்..." என்று தொடங்கினேன்.

"கலங்க விட்டிருக்கணும்" என்றாள்.

படிவம் ஐந்தாம் நாள்தான் மேசைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில் பட்டன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அக்கா பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தாள், துணியில் சாக்பீஸால் போடுவதுபோல. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"அங்க தனி ரூம் பாத்திருக்கேன். ஜன்னல் இருக்கு, ஆளுங்க முகம் தெரியுற ஜன்னல். நீ படிக்கலாம், என்ன வேணாலும் படிக்கலாம். உனக்காகத்தானேம்மா நான் இத்தனை வருஷம்..."

"அதை மட்டும் சொல்லாதீங்க" என்றாள் பட்டன். கத்தவில்லை. "எனக்காகப் போனேன்னு சொல்லாதீங்க. நான் போங்கன்னு சொல்லல. தெருவுல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. அம்மா உனக்காகக் குளிர்ல கெடக்கிறா, உனக்காகக் கண்ணு கெட்டுப் போச்சு, உனக்காக முதுகு வளைஞ்சு போச்சு. ஒரு பரீட்சையில மார்க் குறைஞ்சா, இதுக்கா உங்கம்மா போனாங்கறாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்? எட்டு வயசுல எனக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டீங்களா?"

அக்கா படிவத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு அதை விட்டாள்.

"சரி. சொல்லல. உனக்காகப் போகல" என்றாள். "உங்கப்பாகூட இருக்காளே, அவ ஒரு நாள் கடைக்கு வந்தா. நான் யாருன்னு அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மாஸ்டர் டேப்பை என் கையில குடுத்துட்டுச் சாப்பிடப் போயிட்டாரு. அளந்தேன். தோள், கை, எல்லாம். இடுப்புக்கு வந்தப்போ, நாலு மாசம், பிரிச்சு விடுற மாதிரி உள்ள துணி விட்டுத் தைங்கக்கான்னு சொன்னா. அக்கான்னுதான் கூப்பிட்டா. நல்ல பொண்ணு."

நானே இதை அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

"கெடுத்துத் தைக்கலாம்னு பாத்தேன். கை வரல. நல்லாவே தச்சுட்டேன். அடுத்த வாரம் அதைப் போட்டுகிட்டு நம்ம தெரு வழியா போனா. கழுத்து அவ்வளவு அழகா நின்னுது. நான் வாசல்ல நின்னு அதத்தான் பாத்தேன், கழுத்து நிக்குதான்னு. இந்த ஊர்ல இருந்தா அவ பிள்ளைக்கும் நான்தான் தைப்பேன்னு அப்பதான் தோணுச்சு. மூச்சு முட்டுச்சு. ஓடிட்டேன். உன்னையும் தூக்கிகிட்டு ஓட வழி இல்ல. அவ்வளவுதான் காரணம்."

பட்டனின் கண் நிறைந்திருந்தது. துடைக்கவில்லை.

"இத அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எட்டு வயசுல உனக்கு என்ன புரிஞ்சிருக்கும்?"

"உனக்காகப் போறேன்னு சொன்னது மட்டும் புரியும்னு நெனச்சீங்களா?"

வெளியே யாரோ குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உங்க மேல கோவம் இல்ல" என்றாள் பட்டன். "ஆனா நான் வரல. எனக்கு உங்களத் தெரியல. சித்திய விட்டுட்டு அங்க வந்து என்ன பண்ணப் போறேன்?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் வாய்திறந்து கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் ஒரு வார்த்தை, போடி, போய் உங்கம்மாகூட இரு, ஆறு மாசம் இருந்து பாரு என்று சொல்லியிருந்தால் பட்டன் கையெழுத்துப் போட்டிருப்பாள். என் பேச்சை அவள் தட்டினதே இல்லை. அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது.

"யோசிச்சுச் சொல்லு" என்றேன்.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படிவத்தை உறைக்குள் வைத்தாள்.

மீதி ஐந்து நாளும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்கா சமைத்தாள், மாடி வீட்டு அம்மாவின் ஜன்னல் திரைக்கு ஓரம் அடித்துக் கொடுத்தாள், கட்டிங் மாஸ்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "வழி கேட்டு வந்து சேர்ந்துட்டியே" என்றாராம் அவர். என் வீட்டுக்காரர் அவளுடைய பழைய மெஷினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். பட்டன் அவள் சமைத்ததைச் சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறது என்றாள், தட்டைக் கழுவி வைத்தாள். விருந்தாளி வந்த வீட்டில் இருப்பதுபோல் எல்லோரும் நல்லவிதமாக நடந்துகொண்டோம்.

கிளம்புகிற அன்று காலை அக்கா மெஷின் முன்னால் கோட்டோடு உட்கார்ந்தாள். லைனிங்கை ஓரமாகப் பிரித்தாள். உள்ளே பட்டனுக்காக விட்டிருந்த மூன்று விரல் துணி, இரண்டு பக்கமும், கையிலும், முதுகிலும், மடிந்து கிடந்தது. பெரிய கத்தரியை எடுத்தாள். கம்பளியை வெட்டுகிற சத்தம் வேறு மாதிரி. கனமாக, மெல்லுகிறமாதிரி இருக்கும். அந்தச் சத்தத்துக்குப் பட்டன் அறையிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் வெட்டுறீங்க?"

"வேண்டாத துணி. உள்ள கெடந்தா புடைச்சுகிட்டு நிக்கும்."

"அப்புறம் பிரிச்சு விட முடியாதே."

"முடியாது" என்றாள் அக்கா. கத்தரி நிற்கவில்லை. கருநீலத் துண்டுகள் ஒவ்வொன்றாக அவள் காலடியில் விழுந்தன.

லைனிங்கைத் திரும்ப மூடித் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, கோட்டை என்னிடம் நீட்டினாள். "போடு" என்றாள். என்னிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. காலரைப் பிடித்து இழுத்தாள், தோளில் தட்டினாள், முதுகைத் தடவிச் சரிசெய்தாள். கச்சிதமாக இருந்தது. இடது தோள்கூட.

"உன் அளவுதானே" என்றாள்.

மத்தியானம் வண்டி வந்தது. பட்டன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஏற்றினாள். அக்கா வண்டிக்குள் ஏறி, கண்ணாடியை இறக்கி, "சாப்பிட்டுட்டுப் படி" என்றாள். "சரிங்க" என்றாள் இவள்.

பட்டனுக்குப் பதினெட்டு முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கமான நேரத்துக்கு போன் வந்தது. நான் எடுக்காமல் அவளிடம் கொடுத்தேன். நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். குளிரா, ஆமாம். அதற்குமேல் இரண்டு பக்கமும் பேச்சு இல்லை. எப்போதும் அந்த இடத்தில்தான் அக்கா பென்சிலை எடுப்பாள்.

பட்டன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள். அளவு எடுக்க நிறுத்தினால் நிற்கிற அதே இடம். முதுகு நேராக இருந்தது. இன்னொரு கை உடம்பிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தது. அளவு கேட்கட்டும் என்று நிற்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. கேட்டால் சொல்லியிருப்பாள், இல்லை அழுதிருப்பாள், ஏதோ ஒன்று. மறுமுனையில் அக்காவும் போனை வைக்காமல் இருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த ஊர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், வேண்டாம் என்று ஒருதரம் சொன்னவர்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்பது.

"வச்சிடட்டுமா?" என்று அக்காவின் குரல் எனக்கே கேட்டது.

"சரி" என்றாள் பட்டன்.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அறைக்குப் போனாள். எங்கள் ஊரில் கோட்டுப் போட்டுக்கொள்கிற குளிர் ஒரு நாளும் வருவதில்லை. அந்தக் கோட்டு கதவுக்குப் பின்னால், இஞ்ச் டேப் மாட்டியிருக்கிற அதே ஆணியில் தொங்குகிறது.